தளம் தடுக்கிறதா? தடுத்தவர் யார் என்று முதலில் பாருங்கள்

இணையதளம் திறக்கவில்லை என்று எங்கள் கணினி மையத்துக்கு வருகிறவர்களில் பலர், வருவதற்கு முன்பே மூன்று காரியங்களை முடித்துவிட்டு வருகிறார்கள். மோடத்தை அணைத்து அணைத்துப் போட்டிருப்பார்கள். பிரவுசரில் இருந்த அத்தனையையும், சேமித்து வைத்த கடவுச்சொற்களையும் சேர்த்து, துடைத்திருப்பார்கள். யாரோ சொன்னதைக் கேட்டு இலவச விபிஎன் செயலி (நம் போக்குவரத்தை வேறோர் ஊரின் சர்வர் வழியாகச் சுற்றிவிடுவது) ஒன்றையும் போட்டிருப்பார்கள். முதலாவதால் பெரிய தீங்கு இல்லை. இரண்டாவதால் வீண் சிரமம். மூன்றாவது, இல்லாத தடையையும் உண்டாக்கிவிடும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறும் வண்டியைக் குஞ்சப்பனைச் சோதனைச் சாவடியில் நிறுத்தினால், நிறுத்தியவர் காவலரா, வனத்துறைக்காரரா, இ-பாஸ் பார்க்கிறவரா என்று கவனித்த பிறகுதான் எந்தக் காகிதத்தை எடுப்பது என்று முடிவு செய்வோம். இணையத்திலும் அதே முறைதான். உங்களைத் தடுக்கக்கூடியவர்கள் நால்வர்: உங்கள் கருவி, நீங்கள் பயன்படுத்தும் இணைப்பு, அந்தத் தளத்தின் காவல், அரசு அல்லது நீதிமன்றத்தின் ஆணை. திரையில் வரும் வாசகத்தைப் படித்தாலே பாதிக்குமேல் தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் ஏதோ வருகிறது என்று மூடிவிடாமல், அதை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடியில் பொடி எழுத்தில் இருப்பதும் படத்தில் வரவேண்டும்; பின்னால் அதுதான் உதவப்போகிறது.

எதையும் துடைப்பதற்கு முன் மூன்று மாற்றுச் சோதனைகள்

அதே போனில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் தளத்தைத் திறந்து பாருங்கள். திறந்துவிட்டால் போனில் குறையில்லை. வீட்டு இணைப்பிலோ அதன் ஐபி முகவரியிலோதான் (இணையத்தில் உங்கள் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) விஷயம் இருக்கிறது. அடுத்தது, அதே வைஃபையில் வேறொரு போன். அதில் திறந்தால் இணைப்பு நல்லது, கோளாறு உங்கள் கருவியில். மூன்றாவது, அதே கருவியில் இன்காக்னிட்டோ ஜன்னல். அதில் மட்டும் திறந்தால் பழைய குக்கியோ (தளம் பிரவுசரில் விட்டுவைக்கும் சிறு குறிப்பு), பிரவுசரில் கூடுதலாகச் சேர்த்த சிறு நிரலான நீட்சி ஒன்றோ குறுக்கே நிற்கிறது. அந்த ஒரு தளத்தின் குக்கியை மட்டும் நீக்குங்கள். முகவரிப் பட்டையின் இடது ஓரத்தில் உள்ள குறியைத் தொட்டால் அதற்கான வழி இருக்கும்.

மூன்றிலும் திறக்கவில்லை என்றால் கோயம்புத்தூரில் இருக்கும் உறவினர் ஒருவரையும், வெளிநாட்டில் யாராவது இருந்தால் அவரையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். எல்லோருக்கும் திறக்கவில்லை என்றால் தளமே படுத்திருக்கிறது. அதற்குத் தடை என்று பெயரில்லை. காத்திருப்பதைத் தவிர உங்களால் ஆவதும் ஒன்றுமில்லை.

எந்தத் தளமும் திறக்கவில்லை

இது தடை அல்ல, இணைப்புக் கோளாறு. மோடத்தில் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். வடகிழக்குப் பருவமழையில் மலைப்பாதையில் மண் சரிந்தோ மரம் விழுந்தோ கண்ணாடி இழை அறுந்திருக்கலாம். சேவை நிறுவனத்துக்குப் போன் செய்யுங்கள், வேறு வழியில்லை.

“தளத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை”

குரோமில் இந்த வாசகத்துக்கு அடியில் என்எக்ஸ்டொமைன் என்று முடியும் ஒரு சொல் இருக்கும். பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் அந்தப் பெயரில் ஒன்றுமே இல்லை என்று கைவிரித்துவிட்டது என்று பொருள். எழுத்துப் பிழை இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். சிரிக்க வேண்டாம், பாதி நேரம் அதுதான்.

எழுத்து சரியென்றால் ஆண்ட்ராய்டு போனின் இணைப்பு அமைப்புகளில் ‘பிரைவேட் டிஎன்எஸ்’ என்று ஒன்று இருக்கிறது. ஆண்ட்ராய்டு 9 முதல் வந்தது. விளம்பரம் வரக்கூடாது என்பதற்காக வீட்டுப் பையன் எவனாவது அதில் விளம்பரத் தடுப்புச் சேவை ஒன்றின் பெயரை எழுதி வைத்திருப்பான். அந்தச் சேவை தன் பட்டியலில் உள்ள தளங்களை எல்லாம் ‘இல்லை’ என்று சொல்லிவிடும். பட்டியலில் தவறாகச் சேர்ந்த நல்ல தளமும் அதில் மாட்டும். ‘தானியங்கி’ என்று மாற்றிவிட்டுப் பாருங்கள். ரூட்டரிலும் இப்படி எழுதி வைப்பதுண்டு. கிளவுட்ஃபிளேர் என்ற நிறுவனம் தரும் 1.1.1.1 என்ற டிஎன்எஸ் எண் எதையும் வடிகட்டாது. அதே நிறுவனத்தின் 1.1.1.3 வேண்டுமென்றே ஆபாசத் தளங்களையும் தீம்பொருள் தளங்களையும் மறைக்கும். கடைசி எண் ஒன்றுதான் வித்தியாசம். மாற்றிப் போட்டவர் மறந்துவிடுவார்; குடும்பமே குழம்பும்.

விண்டோஸ் கணினியில் இன்னோர் ஒளிவிடம் உண்டு. சிஸ்டம்32 கோப்புறைக்குள் டிரைவர்ஸ், அதற்குள் ஈடிசி, அதற்குள் ஹோஸ்ட்ஸ் என்ற சிறிய கோப்பு. அதில் ஒரு பெயருக்கு எதிரே 127.0.0.1 என்று எழுதினால், கணினி அந்தத் தளத்தைத் தேடித் தன்னிடமே வந்து முட்டிக்கொள்ளும். திருட்டு மென்பொருள் போட்டுக் கொடுக்கிறவர்கள் உரிமம் சரிபார்க்கும் தளங்களை மறைக்க இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். நோட்பேடில் திறந்து, நீங்கள் தேடும் தளத்தின் பெயர் அங்கே இருந்தால் அந்த வரியை மட்டும் எடுத்துவிடுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகும் திறக்கவில்லை என்றால் டிஎன்எஸ் எண்ணைக் கூகுளின் 8.8.8.8 என்று மாற்றிப் பாருங்கள். அதுவும் கைவிரித்தால் தளத்தின் பெயருக்கான பதிவு காலாவதியாகியிருக்கலாம். அது உரிமையாளரின் பாடு.

“உங்கள் இணைப்பு தனிப்பட்டதல்ல” என்று எச்சரிக்கை

சிவப்பு முக்கோணத்தைப் பார்த்ததும் தளத்தில் வைரஸ் என்று பயப்படுகிறார்கள். பிரவுசர் சொல்வது வேறு: தான் யார் என்று நிரூபிக்கத் தளம் காட்டிய சான்றிதழை நம்ப முடியவில்லை என்கிறது. வேறு தளங்களிலும் இதே எச்சரிக்கை வருகிறதா என்று பாருங்கள். ஒன்றில் மட்டும் வந்தால் சான்றிதழைப் புதுப்பிக்காமல் விட்டவர் அந்தத் தளத்துக்காரர். பலவற்றில் வந்தால் திரையின் வலது கீழ் மூலைக்குப் போய்த் தேதியைப் படியுங்கள். மணியை மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள், ஆண்டையும் பாருங்கள்.

மின்தடை அதிகமுள்ள இடங்களில், பழைய மேசைக் கணினிகளில் இது அடிக்கடி வரும். தாய்ப்பலகையில் ஒரு ரூபாய் நாணயத்தைப் போல வட்டமாக, சிஆர்2032 என்று பொறித்த 3 வோல்ட் பேட்டரி ஒன்று இருக்கும். மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது தீர்ந்துவிட்டால், கணினி மின் இணைப்பை இழந்த ஒவ்வொரு முறையும் தேதி பல ஆண்டு பின்னால் போய் நிற்கும். இரவில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகும் கடைகளில் காலையில் மட்டும் இந்த எச்சரிக்கை வருவதற்குக் காரணம் இதுவே. இன்று வழங்கிய சான்றிதழ், 2012இல் நிற்கும் கணினிக்கு இன்னும் பிறக்காத ஒன்று, எப்படி நம்பும்? தேதியைக் கையால் சரிசெய்யுங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் விண்டோஸ் தானாகத் திருத்திக்கொள்ள மறுத்துவிடும். நேர மண்டலம் இந்தியாவுக்கு உரியதுதானா என்பதையும் உறுதி செய்யுங்கள்: மண்டலம் அமெரிக்காவில் இருக்க, முள்ளை மட்டும் நம் நேரத்துக்குத் திருப்பி வைத்திருக்கும் கணினிகளைப் பார்த்திருக்கிறேன். பார்வைக்கு மணி சரியாக இருக்கும். உள்ளே அரை நாள் பிசகியிருக்கும். பிறகு கைக்கடிகாரக் கடையில் அந்த பேட்டரியை வாங்கி மாற்றிவிடுங்கள்.

இந்தப் பிசகு இனி அதிகமாகவே வலிக்கும். 2020 செப்டம்பரில் ஒரு சான்றிதழின் அதிகபட்ச ஆயுள் 398 நாளாக்கப்பட்டது. 2025இல் சான்றிதழ் நிறுவனங்களும் பிரவுசர் நிறுவனங்களும் சேர்ந்து எடுத்த முடிவின்படி அது படிப்படியாகக் குறைந்து 2029 மார்ச்சில் 47 நாளாகும். கடிகாரம் இரண்டு மாதம் பின்னால் போனாலே எச்சரிக்கை வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தேதி சரியாக இருந்தும் பழைய போனில் மட்டும் எச்சரிக்கை வந்தால், எந்தச் சான்றிதழ் நிறுவனங்களை நம்பலாம் என்று போனில் உள்ள நம்பிக்கைப் பட்டியல் பழையது. ஏராளமான தளங்கள் பயன்படுத்தும், லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு வழங்கும் சான்றிதழ்களை ஆண்ட்ராய்டு 7.1க்கு முந்தைய போன்கள் நேரடியாக அறியாது. அவற்றுக்காக வைத்திருந்த இடைக்கால ஏற்பாடும் 2024இல் முடிந்துவிட்டது. பயர்பாக்ஸ் தன் சொந்தப் பட்டியலை வைத்திருப்பதால் சில பழைய போன்களில் அது கைகொடுக்கும். விண்டோஸ் 7 வைத்திருப்பவர்களுக்குக் குரோம் 109தான் கடைசிப் பதிப்பு. அது 2023 ஜனவரியில் வந்தது. அதற்கு மேல் ஏறவே ஏறாது. அந்தக் கணினியில் பெரிய தளங்கள் முரண்டு பிடித்தால் கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை.

விடுதி வைஃபையில் இதே எச்சரிக்கை வந்தால் கதை வேறு. அறை எண்ணும் கைபேசி எண்ணும் கேட்கும் நுழைவுப் பக்கத்தை நீங்கள் இன்னும் தாண்டவில்லை. வைஃபையை ஒருமுறை துண்டித்து மீண்டும் சேர்த்தால் அந்தப் பக்கம் வரும். எச்சரிக்கையை மீறி உள்ளே போகும் பழக்கம் மட்டும் வேண்டாம், வங்கித் தளத்தில் ஒருபோதும் வேண்டாம்.

“ஆக்சஸ் டினைடு”, “403 ஃபார்பிடன்”

உண்மையான தடை இங்கேதான் தொடங்குகிறது. உங்கள் கோரிக்கை தளத்தின் வாசல்வரை போய்ச் சேர்ந்துவிட்டது. அங்கிருக்கும் காவல்தான் திருப்பி அனுப்பியிருக்கிறது. மோடத்தைத் திட்டிப் பயனில்லை.

முதலில் கேட்கவேண்டிய கேள்வி: விபிஎன் ஓடுகிறதா? கோடையில் இதைப் பலமுறை கேட்கவேண்டியிருக்கிறது. சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் தேவை. பெங்களூரிலிருந்து வந்து தேயிலைத் தோட்டத்து விடுதியில் உட்கார்ந்து அலுவலக வேலை பார்க்கிறவர், நண்பர்களின் வண்டிக்கு இ-பாஸ் எடுக்கவோ, மின் கட்டணம் கட்டவோ நிறுவனத்தின் மடிக்கணினியைத் திறப்பார். அந்தக் கணினியின் போக்குவரத்து முழுவதும் நிறுவனத்தின் விபிஎன் வழியாகச் சிங்கப்பூருக்கோ அமெரிக்காவுக்கோ போய் வெளியேறும். நம் நாட்டு அரசுத் தளங்கள் பலவும் வங்கித் தளங்கள் சிலவும் வெளிநாட்டு ஐபி முகவரிகளை உள்ளே விடுவதில்லை. அவர் நிற்பது கோத்தகிரியில், தளத்தின் கண்ணுக்குத் தெரிவது சிங்கப்பூர். விபிஎன்னைத் துண்டித்தால் போதும். நிறுவனம் துண்டிக்க விடாது என்றால் சொந்தப் போனில் திறக்கவேண்டியதுதான்.

விபிஎன் என்ற பெயரே இல்லாமல் அதே வேலையைச் செய்பவையும் உண்டு. ஓபரா மினியில் தரவைச் சுருக்கும் முறை ஓபராவின் சர்வர் வழியாகப் போகிறது. ஐபோனில் பணம் கட்டி ஐகிளவுட் பிளஸ் வைத்திருப்பவர்களுக்குப் ‘பிரைவேட் ரிலே’ இருக்கும். இரண்டையும் அணைத்துப் பாருங்கள். இ-பாஸ் பற்றி ஒரு வார்த்தை, விஷயம் சற்று விலகினாலும் பரவாயில்லை: அதற்குக் கட்டணம் கிடையாது. அதிகாரபூர்வத் தளம் இபாஸ் டாட் டிஎன்இஜிஏ டாட் ஓஆர்ஜி. அது திறக்கவில்லை என்று தேடுபொறியில் வந்த வேறு முகவரியைத் தொட்டு, பணம் கேட்டால் மூடிவிடுங்கள்.

விபிஎன் எதுவும் இல்லை, வீட்டு இணைப்பில் தடை, மொபைல் டேட்டாவில் திறக்கிறது என்றால், குற்றவாளி பெரும்பாலும் ஐபி முகவரி. “நான் என்ன தப்பு செய்தேன், என்னை ஏன் தடுக்க வேண்டும்?” என்று கேட்கிறார்கள். நீங்கள் ஒன்றும் செய்யாமல் இருந்திருக்கலாம். பழைய முறை (ஐபிவி4) ஐபி முகவரிகள் மொத்தமே 429 கோடிதான். ஆசிய பசிபிக் பகுதிக்கான கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே கடைசித் தொகுப்புக்கு வந்துவிட்டது. அதனால் இணைய நிறுவனங்கள் ஒரே பொது முகவரியை நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கின்றன. அந்தக் கூட்டத்தில் ஒருவருடைய கணினி தீம்பொருளில் சிக்கி ஒரு தளத்தை இடைவிடாமல் தட்டினால், தளத்தின் காவல் அந்த முகவரியையே மூடும். அதில் நீங்களும் அடங்குவீர்கள்.

உங்கள் இணைப்பு இப்படிப் பங்கிட்டதா என்று கண்டுபிடிப்பது எளிது. ரூட்டரின் பக்கத்துக்குள் போய் வேன் ஐபி (ரூட்டருக்கு நிறுவனம் கொடுத்த முகவரி) என்ற இடத்தில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ‘என் ஐபி என்ன’ என்று தேடி, வெளியுலகம் காணும் எண்ணைப் பாருங்கள். இரண்டும் வேறு என்றாலோ, ரூட்டரில் உள்ளது 100.64 முதல் 100.127 வரையான எண்ணில் தொடங்கினாலோ, பங்கு முகவரிதான். மோடத்தைச் சில நிமிடம் அணைத்துப் போட்டால் வேறு முகவரி கிடைக்கலாம்; போனில் விமானப் பயன்முறையைப் போட்டு எடுத்தால் பெரும்பாலும் கிடைக்கும். கிடைத்த முகவரியும் கெட்ட பெயர் வாங்கியதாக இருக்க வாய்ப்புண்டு. தொழிலுக்காகத் தினமும் தேவைப்படுகிறவர்கள் கட்டணம் கொடுத்து நிலையான தனி முகவரி கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. ஐபி எண் உங்கள் ஊரைச் சென்னை என்றோ கோயம்புத்தூர் என்றோ காட்டினால் கவலை வேண்டாம். நிறுவனத்தின் வாசல் அங்கே இருக்கிறது, அவ்வளவுதான்.

குற்றம் உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கவும் வாய்ப்புண்டு. இலவச விபிஎன் செயலிகளில் சில, உங்கள் இணைப்பை ஊரார் போக்குவரத்துக்கு வாடகைக்கு விடுகின்றன. அதைவிட மோசம், சான்றளிக்கப்படாத மலிவு ஆண்ட்ராய்டு டிவி பெட்டிகள். பேட்பாக்ஸ் 2.0 என்ற தீம்பொருளோடு விற்பனைக்கு வந்த இத்தகைய பெட்டிகளைப் பற்றி அமெரிக்காவின் எஃப்பிஐ 2025 ஜூனில் பொது எச்சரிக்கை விட்டது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட கருவிகள் அதில் சிக்கியதாக கூகுள் வழக்கே தொடர்ந்தது. விருந்தினர் அறை ஒவ்வொன்றிலும் பெயரில்லாத ஒரு பெட்டியை மாட்டி வைத்திருக்கும் தங்கும் விடுதிக்காரர்கள், தடை திரும்பத் திரும்ப வந்தால் அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள்.

முகவரிக்குக் கெட்ட பெயர் இருக்கிறதா என்று, இத்தகைய முகவரிகளைப் பட்டியலிடும் ஸ்பாம்ஹாஸ் தளத்தில் பார்க்கலாம். அங்கே பிபிஎல் என்ற பட்டியலில் இருந்தால் பதற வேண்டாம். வீட்டு இணைப்புகள் எல்லாம் அதில் இருப்பது இயல்பு, நேரடியாக மின்னஞ்சல் சர்வர் நடத்தக்கூடாது என்பதற்கு மேல் அதற்குப் பொருளில்லை. எக்ஸ்பிஎல் என்று வந்தால்தான் தீம்பொருளைத் தேட வேண்டும்.

தடைப் பக்கத்தில் நான்கு இலக்க எண் இருந்தால் இன்னும் தெளிவு. முன்னே சொன்ன கிளவுட்ஃபிளேர் தளங்களுக்குக் காவல் சேவையும் தருகிறது; அதன் காவல் உள்ள தளங்களில் 1020 என்றால் தளத்துக்காரர் எழுதிய விதி ஒன்றில் மாட்டினீர்கள். 1006 என்றால் உங்கள் முகவரியையே தடுத்துவிட்டார்கள். 1009 என்றால் நாட்டையே. பக்கத்தின் அடியில் ரே ஐடி என்று பதினாறு எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறி இருக்கும். ஆகமாய் என்ற இன்னொரு நிறுவனத்தின் காவல் உள்ள தளங்களில் ‘ரெஃபரன்ஸ்’ என்று நீண்ட எண் இருக்கும். முன்னே படம் எடுக்கச் சொன்னது இதற்காகத்தான்.

“அளவுக்கு மீறிய கோரிக்கைகள்”, 429, 1015

இதற்கு மருந்து பொறுமை. தேர்வு முடிவு வரும் காலையிலும், 10 மணிக்கு ஏசி பெட்டிக்கும் 11 மணிக்கு மற்றவற்றுக்கும் தட்கல் திறக்கும் நேரத்திலும், பக்கம் வரவில்லை என்று புதுப்பிக்கும் பொத்தானைக் குத்துகிறார்கள். ஒவ்வொரு குத்தும் ஒரு புதிய கோரிக்கை. குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் தளம் சிறிது நேரத்துக்குக் கதவைச் சாத்தும். சாத்திய பிறகும் குத்திக்கொண்டிருந்தால் சில தளங்களில் அந்த நேரம் நீளும். ஒரே வைஃபையில் ஆறேழு பேர் ஒரே தளத்தை ஒரே நேரத்தில் திறந்தாலும் இதே கதிதான். வெளியே இருந்து பார்த்தால் ஒரே ஆள் செய்வது போலத் தெரியும். ஆளுக்கொரு மொபைல் டேட்டாவுக்குப் பிரிந்துகொள்ளுங்கள். தாவலை மூடிவிட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து ஒரே ஒருமுறை திறங்கள். பக்கம் தானாகப் புதுப்பிக்கும் நீட்சி ஏதாவது போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள்.

503 என்ற எண்ணை இதோடு குழப்ப வேண்டாம். அது தளம் திணறுகிறது என்பதைச் சொல்கிறது. உங்கள்மீது புகார் ஒன்றும் இல்லை.

மனிதர்தானா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது

கட்டத்தில் டிக் வைக்கிறீர்கள், சுழல்கிறது, மறுபடியும் அதே கட்டம். பேருந்துப் படங்களைப் பொறுக்கச் சொல்கிறது, பொறுக்குகிறீர்கள், போதாது என்கிறது. படத்தைத் தவறாகப் பொறுக்கியதால் இது நடப்பது குறைவு. நீங்கள் தேறியதை நினைவில் வைக்கும் குக்கியை உங்கள் பிரவுசர் ஏற்கவில்லை, அல்லது விளம்பரத் தடுப்பு நீட்சி சோதனையின் நிரலையே தடுத்துவிட்டது. அந்தத் தளத்துக்கு மட்டும் நீட்சியை நிறுத்தி, குக்கியை அனுமதித்து, பக்கத்தைப் புதிதாகத் திறங்கள். பிரவுசரைப் புதுப்பியுங்கள். இங்கேயும் கடிகாரம் பிசகியிருந்தால் வேலைக்காகாது.

தளம் திறக்கிறது, உங்கள் கணக்கு மட்டும் உள்ளே விடவில்லை

கடவுச்சொல்லைச் சில முறை தவறாகப் போட்டதால் கணக்கு பூட்டப்பட்டிருக்கும். ஐபி, டிஎன்எஸ் எதைத் தொட்டும் பயனில்லை. குறித்த நேரம் காத்திருங்கள் அல்லது மறந்த கடவுச்சொல்லுக்கான வழியில் போங்கள். ஓடிபி வராவிட்டால் சிக்னல் உள்ள இடத்துக்கு வந்து புதிதாகக் கேளுங்கள். பள்ளத்தாக்கில் பத்து நிமிடம் தாமதித்து வரும் ஓடிபி காலாவதியாகியிருக்கும். அதையே திரும்பத் திரும்பப் போட்டால் பூட்டு மீண்டும் விழும்.

பள்ளியில், அலுவலகத்தில், எஸ்டேட் கணினியில் மட்டும்

தடைப் பக்கத்தில் ஃபயர்வால் (இணையப் போக்குவரத்தை வடிகட்டும் காவல்) நிறுவனம் ஒன்றின் முத்திரையும், ‘விளையாட்டு’, ‘சமூக ஊடகம்’ என்பது போன்ற வகைப் பெயரும் இருந்தால் தடுத்தவர் உங்கள் நிர்வாகம். விடுதிப் பள்ளிகள் நிறைந்த மலை இது. மாணவர்களின் இணையத்தை வடிகட்டுவது இயல்பு. அதைத் தாண்டப் பையன்கள் விபிஎன் தேடுவார்கள், ஆசிரியர்களும் தேடுவார்கள். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. இணைப்புக்குச் சொந்தக்காரருக்கு விதி வைக்கும் உரிமை இருக்கிறது.

ஆனால் இந்த வகைப்படுத்தலில் பிழை மலிந்திருக்கும். நேற்றுப் பதிவு செய்த தளம் ‘வகைப்படுத்தாதது’ என்று மூடியிருக்கும். மார்பகப் புற்றுநோய் பற்றிய மருத்துவப் பக்கம் ஆபாசம் என்று விழுந்திருக்கும். பக்கத்தின் முகவரியையும் திரையில் உள்ள வகைப் பெயரையும் எழுதி நெட்வொர்க் பொறுப்பாளரிடம் கொடுங்கள். “அந்தத் தளம் திறக்கவில்லை சார்” என்று வாய்மொழியாகச் சொன்னால் அவர் கையில் பிடிக்க ஒன்றும் இருக்காது. வீட்டுக் கணினியிலும் ஆன்டிவைரஸின் இணையக் காவலோ, குழந்தைகளுக்கான கட்டுப்பாடோ இதே வேலையைச் செய்யும். அங்கே பொறுப்பாளர் நீங்கள்தான்.

அரசு அல்லது நீதிமன்ற ஆணைப்படி தடை என்று அறிவிப்பு

தகுதியுள்ள அதிகாரியின் உத்தரவுப்படி என்றோ நீதிமன்ற ஆணைப்படி என்றோ ஒரு வாசகம் வரும். 451 என்ற எண்ணும் சட்டக் காரணத்தால் மறைத்ததையே குறிக்கும். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 69ஏ பிரிவின்கீழ் மத்திய அரசு தளங்களையும் செயலிகளையும் தடுக்க ஆணையிடலாம். 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உட்பட 59 செயலிகள் தடுக்கப்பட்டது இந்தப் பிரிவின்படிதான். 2015இல் அதே சட்டத்தின் 66ஏ பிரிவை ரத்து செய்த உச்ச நீதிமன்றம் 69ஏ பிரிவு செல்லும் என்று ஏற்றுக்கொண்டது. திருட்டுத் திரைப்படத் தளங்களைப் பொறுத்தவரை பெரும்பாலும் நீதிமன்ற ஆணை.

இதில் உங்கள் கருவியில் திருத்த ஒன்றுமில்லை. ஒரு நிறுவனத்தின் சிம்மில் தடை, இன்னொன்றில் திறக்கிறது என்றால், ஆணையை ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு முறையில், ஒவ்வொரு வேகத்தில் நிறைவேற்றுவதே காரணம். முறை தவறித் தொடர்பில்லாத தளமும் சேர்ந்து மூடப்படுவது உண்டு. அப்படி மாட்டியது உங்கள் சொந்தத் தளம் என்றால் இணைய நிறுவனத்துக்கு எழுத்தில் எழுதி, எந்த ஆணை என்று கேளுங்கள். பதிலைப் பொறுத்து வழக்கறிஞரைப் பாருங்கள்.

ஒன்றும் சொல்லாமல் சுழன்றுகொண்டே இருக்கிறது

எனக்குப் பிடிக்காத அறிகுறி இதுதான், ஏனென்றால் படிக்க வாசகமே இல்லை. கடைசியில் நேரம் முடிந்தது என்று மட்டும் வரும். யூடியூப் தடையின்றி ஓடுவதால் இணைப்பு நன்றாக இருக்கிறது என்று வாதாடாதீர்கள். யூடியூப் காணொளிகளில் பெரும்பகுதி இணைய நிறுவனங்களின் சொந்த வலைக்குள்ளேயே சேமித்து வைத்த சர்வர்களிலிருந்து வருகிறது. தொலைதூரப் பாதை நொண்டினாலும் அது ஓடும்.

தளத்தின் காவல் சில நேரம் ‘இல்லை’ என்று சொல்லாமலே கோரிக்கையைக் கீழே போட்டுவிடும். வெளிநாட்டு முகவரிகளை அரசுத் தளங்கள் பல இப்படித்தான் கையாள்கின்றன. எனவே விபிஎன் கேள்வி இங்கேயும் முதலில் வரும். அதற்கடுத்து மொபைல் டேட்டா சோதனை. வீட்டு ஃபைபரில் மட்டும், அதுவும் சில தளங்கள் பாதி வந்து நிற்கின்றன என்றால், ரூட்டரில் எம்டியு (ஒரே பொட்டலத்தில் அனுப்பக்கூடிய தரவின் உச்ச அளவு) என்ற அளவைப் பாருங்கள். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் போட்டு இணையும் பிபிபிஓஇ இணைப்பில் அது 1492க்கு மேல் இருக்கக்கூடாது. 1500 என்று இருந்தால் பெரிய பொட்டலங்கள் வழியில் தொலையும். புதிய முறை முகவரியான ஐபிவி6 வழியாகப் போகும்போது மட்டும் முடங்கும் தளங்களும் உண்டு. ரூட்டரில் ஐபிவி6 வசதியைத் தற்காலிகமாக அணைத்துச் சோதித்துவிட்டு, மாற்றம் இல்லை என்றால் திரும்பப் போட்டுவிடுங்கள்.

தளத்துக்காரருக்கு என்ன எழுதுவது

தடை தளத்தின் காவலில்தான் என்று உறுதியானால் எழுதவேண்டியதுதான். “உங்கள் தளம் வேலை செய்யவில்லை, உடனே சரிசெய்யவும்” என்ற ஒருவரிக் கடிதத்துக்குப் பதில் வராது. அவருக்குத் தளம் நன்றாக வேலை செய்கிறதே. இப்படி எழுதலாம்:

“வணக்கம். உங்கள் தளத்தின் விண்ணப்பப் பக்கத்தைத் திறக்கும்போது ஆக்சஸ் டினைடு, பிழை எண் 1020 என்று வருகிறது. இந்திய நேரம் காலை 10.40க்குக் கடைசியாக முயன்றேன். அப்போதைய என் பொது ஐபி முகவரியும் ரே ஐடியும் கீழே உள்ளன. அதே போனில் மொபைல் டேட்டாவில் திறக்கிறது. வீட்டு ஃபைபர் இணைப்பில் திறக்கவில்லை. விபிஎன் பயன்படுத்தவில்லை. திரையில் வந்த வாசகத்தின் படத்தை இணைத்துள்ளேன். இந்த முகவரிக்கான தடையை நீக்கவோ காரணத்தைத் தெரிவிக்கவோ வேண்டுகிறேன்.”

ரே ஐடி கையில் இருந்தால் அவர் தன் காவல் பதிவேட்டில் தேடி, எந்த விதி உங்களைத் தடுத்தது என்று பார்த்துவிடலாம். அது இல்லாமல் அவர் குருட்டுத்தனமாகத் தேட வேண்டியிருக்கும். பதிவேடும் நெடுநாள் நிற்காது என்பதால் தடை வந்த அன்றே அனுப்புங்கள். தொடர்பு முகவரி உள்ள பக்கமும் அதே தடைக்குள் இருந்தால் அந்தப் பக்கத்தை மொபைல் டேட்டாவில் திறந்து முகவரியை எடுத்துக்கொள்ளலாம். ஐபி எண்ணையும் ரே ஐடியையும் மட்டும் தடை விழுந்த இணைப்பிலிருந்தே எடுத்து எழுதுங்கள்; மொபைல் டேட்டாவின் எண்ணைக் கொடுத்தால், தடுக்காத முகவரி ஒன்றை அவர்கள் தேடிக்கொண்டிருப்பார்கள்.